இருக்கை வசதிக்கு எவ்வளவு கொடுக்கலாம்: காருக்கும் விமானத்துக்கும் ஒரே கணக்கு

கார் வாங்கும்போது மைலேஜையும், விமானச் சீட்டு எடுக்கும்போது கட்டணத்தையும் பைசா சுத்தமாக ஒப்பிட்டுப் பார்க்கிற நாம், அந்தக் காரிலும் விமானத்திலும் எத்தனை மணி நேரம் உட்காரப் போகிறோம் என்பதைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. மைலேஜ் எண்ணாக இருக்கிறது, கட்டணமும் எண்ணாக இருக்கிறது, இடுப்பு வலிக்கு மட்டும் எண் கிடையாது. அதனால் ஒப்பீட்டில் வசதி தானாகவே தோற்றுவிடுகிறது. அல்லது ஷோரூமில் ‘லெதர் சீட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் எந்தக் கணக்கும் இல்லாமல் வென்றுவிடுகிறது. இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்க வேண்டுமானால், வசதியையும் ரூபாயில் எழுதிப் பார்க்க வேண்டும்.

அதற்கான வழி எளிது. வசதிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை, அந்த இருக்கையில் உட்காரப் போகும் மொத்த மணி நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு காரின் அடிப்படை வேரியன்ட்டுக்கும், ஓட்டுநர் இருக்கையை உயர்த்தித் தாழ்த்தும் வசதியும் பின்னிருக்கை ஏ.சி.யும் உள்ள அடுத்த வேரியன்ட்டுக்கும் 80,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவர், நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து சராசரியாக மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஆண்டுக்கு ஏறத்தாழ 340 மணி நேரம் காரில் இருக்கிறார். ஏழு ஆண்டுகளில் அது 2,400 மணி நேரமாகிறது. எனவே அந்த வசதியின் விலை மணிக்கு 33 ரூபாய். காரை விற்கும்போது திரும்பி வரும் சிறு தொகையைக் கழித்தால் இன்னும் குறையும். இதே மனிதர், சென்னையிலிருந்து மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரம் பறப்பதற்கு, அவசர வழி வரிசையில் ஓர் இருக்கையை 1,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால், மணிக்கு 800 ரூபாய் கொடுக்கிறார். முதல் செலவுக்கு மூன்று நாள் யோசித்துவிட்டு, இரண்டாவதைக் கைபேசியில் ஒரே தட்டலில் முடித்துவிடுவதுதான் நம் வழக்கம்.

இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் தேவை. உட்காரும் எல்லா மணி நேரமும் ஒன்றல்ல. முதல் ஒரு மணி நேரத்தை எந்த இருக்கையிலும் கழித்துவிடலாம். ஐந்தாவது மணி நேரத்தில்தான் இருக்கையின் குணம் தெரியும். ஆகையால், இடுப்பில் கோளாறு இல்லாதவர்கள், ஒவ்வொரு பயணத்திலும் முதல் இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வகுத்தியாகக் கொள்வது நியாயம். மேலே சொன்ன கார்க்காரர் ஆண்டுக்குப் பத்து முறை எட்டு மணி நேரப் பயணம் போகிறார் என்றால், எண்ணத்தக்கவை ஆண்டுக்கு 60 மணி நேரம், ஏழு ஆண்டுகளில் 420 மணி நேரம். வசதியின் விலை மணிக்கு 190 ரூபாயாக உயர்கிறது. மதுரை விமானத்திலோ எண்ணத்தக்க மணி நேரமே இல்லை. அந்த 1,000 ரூபாய் வசதிக்காகக் கொடுத்ததல்ல, சும்மா கொடுத்தது. ஏற்கெனவே முதுகு வலி உள்ளவரும், பிழைப்புக்காக நாள் முழுவதும் ஓட்டுபவரும் இந்தக் கழித்தலைச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும்.

பெரிய காரா, நல்ல இருக்கையா

நம் வீடுகளில் ‘வசதியான கார்’ என்றால் பெரிய கார் என்றே பொருள் கொள்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்குத்தான் அதிகப் பணம் போகிறது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் காருக்குப் பதிலாக 14 கிலோமீட்டர் தரும் காரை எடுத்தால், ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் 257 லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் என்றே கொண்டாலும் அது ஆண்டுக்கு 25,700 ரூபாய்; எண்ணத்தக்க 60 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 428 ரூபாய். காரின் விலை வித்தியாசம் இதில் இன்னும் சேரவில்லை. அந்தப் பெரிய காரில் கிடைப்பது தோளுக்கும் சாமான்களுக்கும் இடம். தொடையைத் தாங்கும் இருக்கை அதோடு சேர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே வீட்டில் நான்கு பேர்தான் என்றால், வண்டியின் அளவை உயர்த்துவதைவிட, சிறிய வண்டியிலேயே மேல் வேரியன்ட்டை எடுப்பது பெரும்பாலும் புத்திசாலித்தனம். பெரிய உடலும் நல்ல மைலேஜும் ஒன்றாகக் கிடைக்கும் ஹைபிரிட் வண்டிகளும் (பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்தவை) உண்டு. 2022-இல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு, சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். ஆனால் அங்கே பெட்ரோலில் மிச்சமாகும் தொகையை விலையிலேயே முன்கூட்டிக் கட்டிவிடுகிறோம். தவிரவும், சான்றளிக்கப்பட்ட மைலேஜ் சோதனைக்கூடத்தில் அளந்தது, ஏ.சி. போட்டுக்கொண்டு அண்ணா சாலையில் ஊர்ந்து போகிறவருக்கு அது கிடைக்காது.

மைலேஜுக்காக வசதியை விட்டுக்கொடுப்பது எப்போதும் நேராகத் தெரிவதில்லை. சி.என்.ஜி. கார் எடுத்தால் எரிபொருள் செலவு குறையும். ஆனால் வழக்கமான அமைப்பில் சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால், ஊருக்குப் போகும்போது பைகள் பின்னிருக்கைக்காரர்களின் காலடிக்கும் மடிக்கும் வந்து சேரும். 2023-இல் டாடா ஆல்ட்ரோஸில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சிறிய சிலிண்டர்களை டிக்கியின் தளத்துக்கு அடியில் பொருத்தியது இந்தக் குறையைப் போக்கத்தான். சி.என்.ஜி. வண்டி பார்க்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போய் டிக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இருக்கையைச் சோதிப்பதற்குப் பத்து நிமிட டெஸ்ட் டிரைவ் போதாது. கூட்டமில்லாத ஒரு வேலை நாள் காலையில் ஷோரூமுக்குப் போய், காட்சிக்கு நிற்கும் காரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க அனுமதி கேளுங்கள். ஓட்டுநர் இருக்கையை முதலில் உங்கள் உயரத்துக்குச் சரிசெய்துகொள்ளுங்கள்: கிளட்சை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும், முதுகை இருக்கையிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். பிறகு, முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் முன் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று விரல் அளவு இருந்தால் தொடைக்குத் தாங்கல் இருக்கிறது. ஒரு சாண் இருந்தால், எட்டு மணி நேரப் பயணத்தில் தொடை முழுவதும் அந்தரத்தில் தொங்கும். சிறிய கார்களில் பின்னிருக்கைக்குக் கூடுதல் இடம் இருப்பதாகக் காட்ட இருக்கையின் அடிப்பலகையைக் குட்டையாக்கிவிடுவது உண்டு. முழங்காலுக்கு முன்னால் இடம் தாராளமாகத் தெரியும். அது உங்கள் தொடைக்கு அடியிலிருந்து எடுத்த இடம்.

ஓட்டுநர் இருக்கையை உங்களுக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, அதை அப்படியே விட்டு அதன் பின்னால் போய் உட்காருங்கள். விளம்பரப் படங்களில் முன்னிருக்கை எப்போதும் முன்னால் தள்ளியே இருக்கும்; உண்மை இப்போதுதான் தெரியும். வீட்டில் மூட்டு வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போய், நான்கைந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். இருக்கையின் உயரம் நிற்பவரின் இடுப்புக்குச் சற்றே கீழே இருந்தால், உட்காருவது நாற்காலியில் அமர்வதுபோல் ஆகிவிடும். தாழ்வான செடானில் அது கிணற்றில் இறங்கி ஏறும் வேலை. ஏழு பேர் வண்டியின் மூன்றாவது வரிசையை வீட்டின் உயரமானவரைக் கொண்டு சோதியுங்கள். அங்கே தளம் மேடாகவும் இருக்கை தாழ்வாகவும் இருப்பதால், முழங்கால் மேலே எழும்பி உடல் எடை முழுவதும் இடுப்பில் இறங்குவது வழக்கம். அந்த வரிசையைக் குழந்தைகளுக்கென்றே எண்ணிக்கொள்வது நல்லது.

மெத்தென்றிருக்கும் இருக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். ஷோரூமில் முதல் ஐந்து நிமிடத்தில் அதுதான் வெல்லும். இரண்டு மணி நேரத்தில் பஞ்சு அமுங்கி, இடுப்பு உள்ளே போய், முதுகு கூன ஆரம்பிக்கும். ஓரளவு கடினமான இருக்கையே நெடும்பயணத்துக்கு உகந்தது. அம்பாசடர் காலத்து டாக்சி ஓட்டுநர்கள் இதை எப்படியோ கண்டுகொண்டிருந்தார்கள். மரமணி விரிப்பையும், மடித்த துண்டையும் வைத்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களை ஓட்டினார்கள். இடுப்பின் குழிவில் மடித்து வைத்த துண்டு, இன்றும் நான் அறிந்தவரை மிகக் குறைந்த விலைத் திருத்தம். செயற்கைத் தோல் உறை நம் வெயிலுக்கு ஏற்றதல்ல. துணி உறை வியர்வையைத் தாங்கும். துளைகள் வழியே காற்று வரும் இருக்கை கிடைத்தால், வெயில் ஊர்களில் அதற்குக் கொடுக்கும் பணம் வீணல்ல. ஆனால் பிறகு வெளியே சீட் கவர் போட எண்ணினால் ஒன்றைக் கவனியுங்கள்: பக்கவாட்டு ஏர்பேக் பல கார்களில் முன்னிருக்கையின் ஓரத்துக்குள்தான் இருக்கிறது, அதற்கென்று தைக்கப்படாத கவர் அதை விரியவிடாமல் தடுக்கக்கூடும்.

விமானத்தில் எந்த எண்ணைப் பார்ப்பது

விமான நிறுவனங்கள் சொல்லும் ‘பிட்ச்’ என்பது கால் வைக்கும் இடத்தின் அளவல்ல. ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன்னிருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரம் அது. முன்னிருக்கையின் முதுகுக் கனமும் அதற்குள் அடங்கும். எக்கானமி வகுப்பில் இது பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம் வரை இருக்கும். வீட்டில் சுவரோடு முதுகு ஒட்ட ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்கால் முனை வரை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 28 அங்குலம் என்பது 71 சென்டிமீட்டர். உங்கள் அளவு 60 சென்டிமீட்டருக்குள் இருந்தால், கூடுதல் கால் இடத்துக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் தேவையற்றது. 65-ஐத் தாண்டினால், நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் அதைத் தயங்காமல் கொடுக்கலாம். மெல்லிய முதுகுள்ள புதிய இருக்கைகள் வந்த பிறகு, அதே பிட்ச்சில் முழங்காலுக்கு ஓரிரு அங்குலம் மிச்சமாகிறது; ஆனால் பஞ்சும் மெலிந்துவிட்டது. இத்தகைய விமான இருக்கைகளைச் செய்யும் ரெகாரோ என்ற பெயரே, போர்ஷே கார்களுக்கு உடற்கூடு செய்துகொடுத்த ஸ்டுட்கார்ட் பட்டறையிலிருந்து வந்தது. காரும் விமானமும் இருக்கை விஷயத்தில் தூரத்துச் சொந்தக்காரர்கள் அல்ல.

பிட்ச்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் அகலத்தை மறந்துவிடுகிறார்கள். உள்நாட்டில் இண்டிகோ பயன்படுத்தும் ஏர்பஸ் 320 வகையும், ஆகாசா பயன்படுத்தும் போயிங் 737 வகையும் வரிசைக்கு ஆறு இருக்கைகள் கொண்டவை. ஆனால் முன்னதன் உள் அகலம் 3.70 மீட்டர், பின்னதன் அகலம் 3.54 மீட்டர். நீண்ட பயணங்களில் வித்தியாசம் இன்னும் முக்கியம். போயிங் 777-இல் முன்பு வரிசைக்கு ஒன்பது இருக்கைகளே பரவலாக இருந்தன. இப்போது பல நிறுவனங்கள் பத்து வைக்கின்றன. எமிரேட்ஸ் 777-இலும் ஏர்பஸ் 380-இலும் எக்கானமி வரிசை 3-4-3 தான். ஆனால் 380-இன் கீழ்த்தளம் அரை மீட்டருக்கு மேல் அகலமானது. போயிங் 787-இல் பெரும்பாலோர் ஒன்பது வைக்க, ஜப்பான் ஏர்லைன்ஸ் பன்னாட்டு வழித்தடங்களில் எட்டு மட்டுமே வைத்திருக்கிறது. தம்பதியாகப் போகிறவர்கள் ஏர்பஸ் 330 இருக்கும் சேவையைத் தேடிப் பார்க்கலாம். பெரும்பாலான நிறுவனங்களில் அதன் வரிசை 2-4-2 என்பதால், சன்னலோரம் மூன்றாமவர் இல்லாமல் அமரலாம். கட்டணம் சமமாக இருக்கும்போது விமான வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, காசு கொடுக்காமல் கிடைக்கும் வசதி.

இந்த அளவுகளுக்குச் சட்டம் காவல் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கையின் குறைந்தபட்ச அளவை வகுக்கச் சொன்னது; ஆனால் அதன் நோக்கம், விபத்து நேரத்தில் பாதி வாயில்கள் வழியாக 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியுமா என்ற பாதுகாப்பைச் சுற்றியதே தவிர, முழங்காலின் சுகத்தைப் பற்றியதல்ல. இந்தியாவில் பயனுள்ள ஒரு விதி உண்டு: 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே முன்பதிவில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் அருகில் இருக்கை தர வேண்டும் என்று 2024-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அறிவுறுத்தியது. ஆகவே குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காக மட்டும் இருக்கைக் கட்டணம் கட்டுகிறவர்கள் அதை நினைவூட்டலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் இருக்கை வரைபடத்தை நிதானமாகப் பாருங்கள். அவசர வழிக்கு முன்னால் இருக்கும் வரிசையும் கடைசி வரிசையும் பெரும்பாலும் சாயாது. முதல் வரிசையில் கால் இடம் இருந்தாலும் கைப்பை காலடியில் வைக்க முடியாது; தட்டு மேசை கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் இருக்கை சற்றே குறுகும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால், காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. கார், பேருந்து, ரயிலுக்கும் இது பொருந்தும். அந்த ஆபத்து சிறியதே என்றாலும், எழுந்து நடக்க வழியுள்ள நடைபாதை ஓர இருக்கைக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாயை நான் குறை சொல்ல மாட்டேன். காரில் அதே வேலையை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் குடிக்கும் டீ செய்துவிடும்.

எக்கானமிக்கும் பிசினஸ் வகுப்புக்கும் நடுவிலுள்ள பிரீமியம் எக்கானமியை மேலே சொன்ன வகுத்தல் பெரும்பாலும் நிராகரித்துவிடும். சென்னை–லண்டன் நேரடி விமானத்தில் ஏறத்தாழ 11 மணி நேரம். முதல் இரண்டைக் கழித்தால் ஒன்பது. கூடுதல் கால் இடத்துக்கு 5,000 ரூபாய் என்றால் மணிக்கு 555. பிரீமியம் எக்கானமிக்கு 45,000 ரூபாய் அதிகம் என்றால் மணிக்கு 5,000. போகவர ஒரே அளவு செலவழிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பகல் விமானத்தில் சாதாரண இருக்கையை எடுத்துக்கொண்டு, இரவு முழுவதும் பறந்து மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டிய வழிக்கு மட்டும் பணத்தை ஒதுக்கலாம். பதிவு செய்த பிறகு, புறப்படுவதற்கு முந்தைய நாள் விமான வகை மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாறியிருந்தால் நீங்கள் காசு கொடுத்த எண் வேறொரு வரிசையில் போய் விழுந்திருக்கும். கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அன்றே திரும்பக் கேட்பது, ஊர் வந்து சேர்ந்த பிறகு கேட்பதைவிடச் சுலபம்.