ஊட்டி உலகப் பாரம்பரியச் சின்னம் அல்ல

ஆண்டுதோறும் நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம் என்பதால், குன்னூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் அதை ஒட்டிக் கட்டுரைப் போட்டி வைப்பார்கள். திருத்துவதற்காக என்னிடம் வரும் தாள்களில் பல, "யுனெஸ்கோவால் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஊட்டி" என்றே தொடங்கும். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. விளம்பரத் தட்டிகளில் படித்ததைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஊட்டி நகரம் அந்தப் பட்டியலில் இல்லை. இருப்பது, மேட்டுப்பாளையத்தில் சுமார் 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி உதகையில் 2,203 மீட்டரை எட்டும் 46 கிலோமீட்டர் ரயில் பாதை.

அந்தப் பாதையும் தனிப் பதிவு அன்று. டார்ஜிலிங் மலை ரயில் 1999இல் பட்டியலில் சேர்ந்தது. அதன் விரிவாக்கமாக 2005இல் நீலகிரிப் பாதையும், 2008இல் கால்கா–சிம்லா பாதையும் இணைக்கப்பட்டன. மூன்றும் சேர்ந்து 'இந்திய மலை ரயில் பாதைகள்' என்ற ஒரே சின்னம். இதை மறந்துவிட்டு மூன்றாக எண்ணுவதால்தான், நாட்டில் மொத்தம் எத்தனை என்ற கணக்கு ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் சேர்ந்ததும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் அதனோடு இணைந்ததும் இதே முறையில்தான். செஞ்சிக் கோட்டையை உள்ளடக்கிய 12 மராட்டியர் கோட்டைகள் 2025இல் ஒரே பதிவாகச் சேர்ந்தபோது இந்தியாவின் எண்ணிக்கை 44 ஆயிற்று. எண்ணை எழுதுகிறவர்கள் எந்த ஆண்டின் கணக்கு என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

ரயிலைப் பற்றிய பிழைகள் இன்னும் சுவையானவை. பாதை முழுவதும் பற்சட்டம் இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறுவதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பதிக்கப்பட்டிருக்கும் அந்தப் பல்வரிசைச் சட்டம், கல்லாறு நிலையம் முதல் குன்னூர் வரை, 12 அடி சென்றால் ஓரடி ஏறும் செங்குத்தான பகுதிக்கு மட்டுமே உரியது. குன்னூருக்கு மேலே ஏற்றம் தணிந்துவிடுவதால் அங்கே அது தேவைப்படவில்லை. இந்தியாவில் பற்சட்டத்தைப் பிடித்து ஏறும் ரயில் இது ஒன்றுதான். டார்ஜிலிங் ரயில் வளையங்களாலும் முன்னும் பின்னுமாக ஏறும் திருப்பங்களாலும் உயரத்தை வெல்கிறதே தவிர, அதற்குப் பல் கிடையாது. "எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மலை ஏறுகிறது" என்பதும் அடிக்கடி வரும் வாக்கியம். கல்லாற்றில் ஒருமுறை நின்று பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்: ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. ஆண்டைப் பொறுத்தவரை 1899, 1908, 2005 ஆகிய மூன்றும் மாறி மாறி "தொடக்க ஆண்டு" ஆகிவிடுகின்றன. கட்டுமானம் 1891இல் தொடங்கியது; குன்னூர் வரை ரயில் ஓடியது 1899இல்; உதகையைத் தொட்டது 1908இல். 2005 என்பது பட்டியலில் ஏறிய ஆண்டு.

காட்டுக்கு வந்தால் குழப்பம் வேறு வகை. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகமும் மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியச் சின்னமும் ஒன்றே என்று படித்தவர்களே சாதிப்பதைக் கேட்டிருக்கிறேன். முன்னது 1986இல் இந்திய அரசு அறிவித்த, தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டர் பரந்த காப்பகம். 2000இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் இடம்பெற்றது. பின்னது 2012இல் சேர்ந்தது. தனித்தனியான 39 காட்டுப் பகுதிகளின் தொகுப்பு. இரண்டிலும் யுனெஸ்கோ என்ற பெயர் வருகிறது, முக்கூர்த்தி தேசியப் பூங்கா இரண்டின் எல்லைக்குள்ளும் விழுகிறது. குழப்பம் வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆயினும் திட்டங்கள் வேறு, விதிகள் வேறு. வரையாடுகள் மேயும் முக்கூர்த்திப் புல்வெளி அந்த 39இல் ஒன்று. யானைக்குப் பெயர்பெற்ற முதுமலை அவற்றுள் இல்லை. மேற்குத் தொடர்ச்சியின் கிளைதானே என்று பழனி மலையையும் கொடைக்கானலையும் சேர்த்து எழுதுவதும் தவறு. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் மாநில அரசு அறிவித்தது. சோலையும் குறிஞ்சியும் அங்கு உண்டு என்பதற்காகப் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்துவிடாது.

தோடர் பூத்தையலும் கொடைக்கானல் மலைப்பூண்டும் "யுனெஸ்கோ அங்கீகாரம்" பெற்றவை என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அவை பெற்றிருப்பது புவிசார் குறியீடு, அது இந்தியச் சட்டப்படி தரப்படுவது. உத்தேசப் பட்டியலில், அதாவது ஒரு நாடு பின்னர் பரிந்துரைக்க எண்ணும் இடங்களின் பட்டியலில், இருப்பதை இறுதிப் பட்டியலில் சேர்ந்ததாக எழுதுவதும் இதே இனம்: திருவரங்கம் கோயில் 2014 முதல் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது, இன்னும் சின்னம் ஆகவில்லை.

கடைசியாக, யுனெஸ்கோ இந்த ரயிலை "எடுத்துக்கொண்டது" என்ற எண்ணம். ரயில் தெற்கு ரயில்வேயினுடையது. இந்தியா 1977இல் ஏற்ற, 1972ஆம் ஆண்டின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கைப்படி, பட்டியலில் சேர்ந்த எதன் உரிமையும் கை மாறுவதில்லை. காக்க வேண்டியவர் உரிமையுள்ள நாட்டினரே. காக்கத் தவறினால் பெயர் நிலைக்காது: துங்கபத்திரையின் குறுக்கே கட்டத் தொடங்கிய பாலங்களால் ஹம்பி 1999இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய் 2006இல்தான் மீண்டது, இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகமோ, கரையோரம் எழுந்த புதிய கட்டடங்களால் 2021இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.