பினாங்கு போனால் 'பாஞ்சிர்' என்று சொல்லுங்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் தங்கும் ஓட்டலிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு நாசி கண்டார் கடைக்குப் போங்கள். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் கழி வைத்து, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தூக்கி விற்ற சாப்பாடு இது. அந்தக் கழிதான் 'கண்டார்'. பரிமாறுபவரிடம் 'பாஞ்சிர்' என்றால் போதும், நாலைந்து குழம்பைக் கலந்து தாராளமாக ஊற்றுவார். மலாய் மொழியில் 'பாஞ்சிர்' என்றால் வெள்ளம் என்று அர்த்தம், பொருத்தமான பெயர்தான்! பெரிய இறால், மீன்முட்டை எடுப்பதற்கு முன் மட்டும் விலையைக் கேட்டுவிடுங்கள், பில் அங்கேதான் எகிறும்.

அப்புறம், ஊருக்கு வாங்கிவர சௌராஸ்தா சந்தை. ஊறவைத்த ஜாதிக்காயைக் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டு வாங்குங்கள். லிட்டில் இந்தியாவில் புடவை வேண்டாம், டீ மட்டும் குடியுங்கள்.