பழைய டிராக்டரின் பிரேக்: லைனிங் மாற்றினால் மட்டும் போதுமா?

பிசான நெல் அறுவடை முடிந்து கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கிறவரை திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் டிராக்டர்களுக்கு ஓய்வு, பட்டறைகளுக்கு வேலை. அப்போது பிரேக் லைனிங் (உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) மாற்றிக்கொண்டு போகும் பழைய வண்டிகளில் சில, அடுத்த பூ, அதாவது அடுத்த சாகுபடிப் பருவம், முடியும் முன்பே அதே குறையோடு திரும்பி வரும். லைனிங்கைத் தேய வைத்தது எது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் பக்கம் பெரும்பாலும் தொளி உழவுதான், அதாவது நடவுக்கு முந்தைய சேற்று உழவுதான் காரணம். கன்னடியன் கால்வாய் பாயும் சின்னச் சின்ன வயல்களில் கேஜ் வீலோடு (சேற்றில் ஓட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) இறங்கினால், மூலைக்கு மூலை ஒரு பக்க பிரேக்கை மிதித்துத்தான் வண்டியைத் திருப்ப முடியும். எப்போதும் ஒரே பக்கம் திருப்புகிறவர் வண்டியில் அந்தப் பக்க லைனிங் கரைந்துபோயிருக்கும், மறுபக்கம் பாதி மிச்சமிருக்கும். சிக்கனம் என்று கரைந்த பக்கத்துக்கு மட்டும் புதிது போட்டால், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பிடிக்காது. இடம், வலம் என்று தனித்தனியாக இருக்கும் பிரேக் பெடல்களைக் கொண்டியால் சேர்த்துப் பூட்டினாலும், சாலையில் அழுத்தியதும் வண்டி ஒரு பக்கம் வெட்டும். பின்னால் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர், பக்கத்தில் வாய்க்கால் என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாற்றினால் இரு பக்கமும் மாற்றுங்கள்.

அடுத்தது ஆயில். லைனிங் உரசும் டிரம்மைக் கழற்றியதும் லைனிங் கறுத்து மினுமினுத்தால், அச்சு வழியாகக் கியர் ஆயில் கசிகிறது என்று பொருள். பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டி, "இன்னும் ஒரு பூ தாங்கும் அண்ணாச்சி" என்று மாட்டித் தருகிறவர்கள் உண்டு. ஊறிய ஆயில் சூட்டில் மறுபடி வெளியே வரும். அந்த லைனிங்கைத் தூர எறிவதே சரி. ஆயில் சீல் மட்டும் புதிதாகப் போட்டாலும் வேலை முடிந்துவிடாது. ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா, காற்றுப்போக்கியில் சேறு அடைத்து உள்ளே அழுத்தம் ஏறுகிறதா, அச்சு பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, சீல் உட்காரும் இடத்தில் அச்சு பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றை விட்டாலும் புதுச் சீலும் கசியும், புது லைனிங்கும் கறுக்கும்.

டிரம்மில் வரி வரியாகப் பள்ளம் இருந்தால் லேத்தில் கடைந்த பிறகே புது ஷூ (லைனிங் பதித்த வளைந்த தகடு) மாட்ட வேண்டும். கடைவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிய டிரம் பழைய இரும்புக்குத்தான். உலர் டிஸ்க் வகை என்றால், விரியும் தட்டுகளுக்கு நடுவே இருக்கும் எஃகு உருண்டைகளையும் அவை உருளும் சரிவுகளையும் பாருங்கள். துரு ஏறி உருண்டை சிக்கிக்கொண்டால், மிதித்த காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். ஆயிலில் மூழ்கிய பிரேக் வேறு இனம். அதற்கு நிறுவனம் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று: கியரில் போட்டாயிற்று, வண்டி நகராது என்று நம்பி ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குவது. தூக்கிய சக்கரம் தடையில்லாமல் சுழலும் என்பதால், இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் வழியாகத் தரையில் நிற்கும் மற்ற சக்கரமும் உருளலாம். கழற்றுவதோ பிரேக்கையே, வேறு எது பிடித்து நிறுத்தும்? சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன் அச்சு நடுவில் ஊசலாடுவதால், அதற்கும் சட்டத்துக்கும் இடையே இரு பக்கமும் ஆப்பு அடித்தால்தான் வண்டி சாயாது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனமான ஸ்டாண்டும் வையுங்கள். களத்து மண்ணில் ஜாக்கி புதையும். அடியில் தடித்த பலகை வேண்டும்.

உள்ளே இருக்கும் தூசியைக் கம்ப்ரசரால் ஊதுவது பட்டறைப் பழக்கம். பழைய லைனிங்கில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

மாட்டிய பிறகு பெடலைக் கல்லுப்போல இறுக்கி வைப்பதும் தவறுதான். ஷூ உரசிக்கொண்டே ஓடினால் டிரம் கொதிக்கும், டீசலும் வீணாகும். கையேடு சொல்லும் ஆட்டத்தை (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இரு பெடலுக்கும் ஒரே அளவாக வைத்து, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு காய்ந்த மண் தரையில் பெடல்களைப் பூட்டி, மெதுவாக ஓட்டி அழுத்துங்கள். இரு டயர் இழுத்த தடமும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். புது லைனிங் படியப் படிய ஆட்டம் கூடும் என்பதால், முதல் சில நாள் உழவுக்குப் பிறகு மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். அதுவரை டிரெய்லர் மாட்ட வேண்டாம்.