பைக்கில் விண்ட்ஷீல்டு பொருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுஞ்சாலையில் நான்கைந்து மணி நேரம் பைக் ஓட்டியவர்களுக்கு, வண்டி ஓட்டிய களைப்பைவிடக் காற்றோடு மல்லுக்கட்டிய களைப்பே பெரிது என்பது தெரியும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுவதால், 50 கி.மீ. வேகத்தில் நெஞ்சில் உணரும் அழுத்தம் 100 கி.மீ. வேகத்தில் நான்கு மடங்காகிவிடுகிறது. முன்பக்கம் மூடப்படாத 350 சிசி வண்டிகளை வைத்திருப்பவர்கள் ஹெட்லைட்டுக்கு மேலே நின்று எதிர்க்காற்றைத் திருப்பும் பிளாஸ்டிக் கண்ணாடியான விண்ட்ஷீல்டையோ, அதன் மேல் விளிம்பில் கவ்விக்கொண்டு காற்றை இன்னும் மேலே திருப்பும் சிறிய டிஃப்ளெக்டரையோ தேடிப் போவது இதனால்தான். ஆயினும் ஆசையோடு வாங்கியவர்களில் பலர் ஒரு நெடும்பயணம் முடிந்ததுமே அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

இதற்கு முதற்காரணம், உயரமான கண்ணாடியே நல்ல கண்ணாடி என்ற எண்ணம். விண்ட்ஷீல்டு காற்றை நிறுத்துவதில்லை, வேறிடத்துக்குத் திருப்பிவிடுகிறது. கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டியதும் காற்று சீராக ஓடாமல் சுழல் சுழலாக உடைகிறது. அந்தச் சுழல் எங்கே போய் மோதுகிறது என்பதில்தான் ஓட்டுபவரின் சுகமும் துன்பமும் இருக்கின்றன. நெஞ்சுக்கும் தோளுக்கும் மேல் கடந்துபோனால் பாரம் குறையும். ஹெல்மெட்டின் மீது மோதினால் தலை இடைவிடாமல் உலுக்கப்பட்டு, கழுத்து வலியும் காதடைக்கும் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். நான் முதலில் வாங்கிய கண்ணாடி ஏறக்குறைய கண் மட்டம் வரை உயர்ந்திருந்தது. மதுரையிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் தலையைத் திருப்ப முடியாத அளவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. திரும்பும்போது அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டியதே மேலாக இருந்தது. சுழலடிக்கும் அரைகுறைப் பாதுகாப்பைவிட, நேராக முகத்தில் அறையும் சீரான காற்றை உடல் எளிதாகத் தாங்குகிறது.

வாங்கிய பிறகு சோதிக்காமல் விடுவது இதை ஒட்டிய தவறு. போக்குவரத்து குறைந்த நேரான சாலையில், வழக்கமாகச் செல்லும் வேகத்தில், இருக்கையிலிருந்து சற்றே எழுந்து பாருங்கள். அடுத்து சற்றே குனிந்து பாருங்கள். எழும்போது உலுக்கல் நின்றால் கண்ணாடியைத் தாழ்த்த வேண்டும் அல்லது பின்னோக்கிச் சாய்க்க வேண்டும். குனியும்போது நின்றால் சிறிது உயர்த்தலாம், அல்லது மேல் விளிம்பில் டிஃப்ளெக்டர் ஒன்றைப் பொருத்தலாம். ஒரு விரற்கடை மாற்றமே பெரிய வேறுபாட்டைத் தரும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பது நல்லது. நண்பரின் வண்டியில் நன்றாக இருந்தது என்பதை நம்பி அதே கண்ணாடியை வாங்குவதில் பயனில்லை. அவருடைய உயரம், இருக்கை, ஹெல்மெட் எல்லாம் வேறு. எப்படி அமைத்தாலும், கண்ணாடியின் விளிம்பு பார்வைக் கோட்டுக்குக் கீழேயே இருக்கட்டும். அதன் வழியாகப் பார்த்து ஓட்ட நேர்ந்தால், மழை இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கொளி ஒவ்வொரு கீறலிலும் துளியிலும் சிதறிச் சாலையையே மறைத்துவிடும்.

கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் இடையிலான இடைவெளியை முழுவதும் அடைத்துவிடுவதும் பலர் செய்யும் பிழை. கண்ணாடியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால் முதுகுப்பக்கத்துக் காற்று முன்னோக்கி இழுக்கப்பட்டு, யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போன்ற உணர்வு உண்டாகும். கீழிருந்து கொஞ்சம் காற்று நுழைய வழிவிட்டால் அந்த அழுத்த வேறுபாடு தணிகிறது.

பாதுகாப்பை நேரடியாகத் தொடும் தவறு ஒன்று உண்டு. ஹேண்டில்பாரிலோ, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலோ பொருத்தப்படும் பெரிய கண்ணாடியைப் பக்கக்காற்று தள்ளும்போது, அந்த விசை நேராக ஸ்டியரிங்குக்கே போகிறது. வண்டியின் சட்டமான சேசிஸோடு பிணைக்கப்பட்ட கண்ணாடியில் இந்தச் சிக்கல் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் பணகுடியிலிருந்து காவல்கிணறு நோக்கிச் செல்பவர்கள் இதை நன்கு உணர்வார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, அந்தச் சாலையில் வண்டியின் பக்கவாட்டில் அறைகிறது. அங்கே ஹேண்டில்பாரை இறுகப் பற்றினால் உடலின் ஒவ்வொரு அசைவும் ஸ்டியரிங்குக்குக் கடத்தப்பட்டு ஆட்டம் கூடும். முழங்கால்களால் டேங்கை அணைத்து, கைகளைத் தளர்த்தி, வேகத்தைக் குறைப்பதே வழி. பின்னால் சாமான் வைக்கும் டாப் பாக்ஸும் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

பொருத்தும் வேலையில் அவசரம் கூடாது. வண்டியை நிறுத்திவைத்து ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, கிளட்ச் கேபிளோ பிரேக் ஹோஸோ எங்கும் இழுபடவில்லை என்று பாருங்கள். அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டுமே போல்ட்டை மிகையாக முறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். ரப்பர் வாஷர் கட்டாயம். அதிர்வில் கழலாதிருக்க மெக்கானிக் பழக்கத்தில் த்ரெட் லாக்கர் பசையைத் தடவ வருவார். பிளாஸ்டிக்கில் பட்டால் அது நுண்விரிசல்களை உண்டாக்கும் என்பதால் தடுத்துவிட்டு, நைலான் பதித்த நட்டைக் கேளுங்கள். பூச்சிக்கறையைப் பெட்ரோலாலோ வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவத்தாலோ துடைக்காதீர்கள். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி ஊறவைத்து, மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவினாலே போதும்.

நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தக் கருவியால் பெரிய பயன் கிடையாது. சித்திரை வெயிலில் மெதுவாக நகரும்போது, மெஷ் ஜாக்கெட்டுக்குள் புகுந்து வியர்வையை உலர்த்த வேண்டிய காற்றைப் பெரிய கண்ணாடி மறித்துவிடும். நான் பங்குனியில் கழற்றி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்துவிட்டு, அடுத்த நெடும்பயணத்துக்கு முந்தைய நாள் மாலையில்தான் திரும்பப் பொருத்துகிறேன்.