குளிர்கால வாழ்த்து அட்டைக்கு எழுத்துரு தேடுகிறீர்களா?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு அட்டைக்குப் பண்டிகைக் களை தர ஒரு நல்ல எழுத்துரு போதும். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் 'மவுன்டன்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' என்று தேடுங்கள். துள்ளலான ஆங்கில எழுத்துகள், இலவசம். டாஃபான்ட் தளத்தில் கிறிஸ்துமஸுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பனி படிந்த எழுத்துகள் எல்லாம் கிடைக்கும். ஆனால் அங்கே பல எழுத்துருக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம். அட்டை அச்சடித்து விற்பவர்கள் உரிமக் குறிப்பைப் படித்துவிட்டு இறக்குங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை தமிழைக் காட்டாது. தமிழ் வாழ்த்துக்குக் கையெழுத்துச் சாயலில் கவிவாணர், குண்டு குண்டாகக் குழந்தைகளுக்குப் பிடித்த மாதிரி வேண்டுமென்றால் காய்னி. இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸிலேயே உண்டு. இறக்கும் முன் மாதிரிப் பெட்டியில் உங்கள் வாழ்த்தையே தட்டிப் பாருங்கள். 'ஸ்ரீ', 'கிறிஸ்துமஸ்' சரியாக வருகிறதா என்று தெரிந்துவிடும்.

அலங்கார எழுத்து தலைப்புக்கும் பெயருக்கும் மட்டும். முழுக் கடிதத்தையும் அதில் அடித்தால் தாத்தா பாட்டி படிக்கவே மாட்டார்கள்! அப்புறம், மின்னஞ்சலில் அனுப்புவதானால் பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள். பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் அட்டை அப்படியே தெரியும்.