குடிநீர்ச் சட்டியும் தூபக்காலும்: மண்பாண்டங்களை இணையத்தில் விற்கத் தொடங்குவோருக்கு

திருநெல்வேலி மாவட்டத்துக் காருகுறிச்சியில் வனையப்படும் சட்டிகளையும் தூபக்கால்களையும் இணையம் வழியாக வெளியூர்களுக்கு அனுப்பி வருகிறேன். கணக்குத் தொடங்குவதையும் படம் ஏற்றுவதையும் எவரும் தாமாகவே கற்றுக்கொள்ளலாம் என்பதால் அவற்றை இங்கே விளக்கவில்லை. விற்பனை வாசகத்தை எழுதும்போதும் பெட்டி கட்டும்போதும்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

முதலில் சரக்கைப் பிரித்து வையுங்கள். மூலிகைக் குடிநீர் (கஷாயம்) காய்ச்சும் சட்டி, சாம்பிராணித் தூபக்கால், கோயில் கொடைத் திருவிழாவுக்கான முளைப்பாரிச் சட்டி, திருஷ்டி கழிக்கும் சிறு கலயம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தேவையான தரம் வேறு. தீயில் ஏறும் சட்டியை விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் விரிசல் இருக்கலாம், அல்லது சூளையில் சரியாக வேகாமல் இருக்கலாம். பிறகு இரவு முழுவதும் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெளிப்புறம் முழுவதும் லேசாக ஈரம் படிவது மண்ணின் இயல்பு. ஒரே இடத்தில் சொட்டினால் அந்தச் சட்டியை விலக்கிவிடுங்கள். எனாமல் வண்ணம் பூசிய சட்டியைக் காய்ச்சும் பாத்திரமாக ஒருபோதும் விற்காதீர்கள்.

அடுத்து, விற்பனை வாசகம். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954இல் இயற்றப்பட்டு, 1955 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றுக்கு நோயைத் தீர்க்கும் அற்புத ஆற்றல் உண்டு என்று விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. முதல் முறை குற்றம் உறுதியானாலே ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே ‘இந்தச் சட்டியில் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை நோய் தீரும்’ என்றோ ‘இந்தக் கலயம் பிள்ளையின் காய்ச்சலை விரட்டும்’ என்றோ எழுதக் கூடாது. ‘நிலவேம்புக் குடிநீர் காய்ச்ச ஏற்றது, ஒன்றரை லிட்டர் கொள்ளும், இன்டக்ஷன் அடுப்புக்கு உதவாது’, ‘வெள்ளிக்கிழமைகளில் திருஷ்டி கழிக்கும் வழக்கமுள்ள வீடுகளுக்கு’ என்று பயனையும் வழக்கத்தையும் மட்டும் எழுதுங்கள். நம்பிக்கையோடு வாங்குபவருக்கு அதுவே போதும். நோயாளியின் நம்பிக்கையை விலைபேசுவது நமக்குத் தகாது. சட்டியோடு சித்த மருந்துப் பொடியும் தயாரித்து விற்க நினைத்தால் அதற்குத் தனி உரிமம் வேண்டும் என்பதால், தொடக்கத்தில் மண்பாண்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விற்கும் தளமாக நான் பரிந்துரைப்பது வாட்ஸ்அப் பிசினஸின் பொருள் பட்டியலைத்தான். அது இலவசமானது, அளவு, பயன், அனுப்பும் நாள் எல்லாவற்றையும் வாங்குபவரிடம் நேரே பேசித் தெளிவுபடுத்தலாம். பெரிய தளங்களைக் கைப்பழக்கம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். படத்தைக் காலை வெளிச்சத்தில், அளவு புரியும்படி பாத்திரத்தின் அருகே ஓர் உழக்கை (சிறு அளவைப் பாத்திரம்) வைத்து எடுங்கள்.

விலை வைக்கும் முன் அஞ்சல் செலவைக் கணக்கிட வேண்டும். பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000ஆல் வகுத்து வருவது உண்மையான எடையைவிட அதிகமானால் அதையே எடையாகக் கொள்கின்றன. ஒன்றரைக் கிலோச் சட்டியை ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டியில் வைத்தால், 27,000ஐ 5000ஆல் வகுத்து 5.4 கிலோவுக்குக் கட்டணம் கேட்பார்கள். பெட்டியை முதலில் முடிவு செய்து, அதற்குப் பிறகு விலையை எழுதுங்கள்.

தூபக்காலில் முதலில் உடைவது கைப்பிடிதான், அதுவும் கிண்ணத்தோடு ஒட்டும் இடத்தில். கைப்பிடிக்கும் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள வளைவில் செய்தித்தாளைச் சுருட்டி இறுக்கமாக அடைத்து, கைப்பிடியைத் தனியே சுற்றிய பிறகே முழுவதையும் சுற்ற வேண்டும். கிண்ணத்தின் உட்குழிவையும் காகிதத்தால் நிரப்புங்கள். சிறு பெட்டியில் வைத்து, அதைப் பெரிய பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியோடு இறக்கி, இடைவெளியைக் கிழித்த அட்டைத் துண்டுகளால் நிரப்புங்கள். மூடிய பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. வைக்கோலை நான் விரும்புவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஈரம் இழுத்துப் பூசணம் பிடித்துவிடும். தண்ணீர் ஊற்றிச் சோதித்த சட்டியையும் நன்றாக உலர்ந்த பிறகுதான் கட்ட வேண்டும்.

பின்சேர்க்கை: சட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூக்கிறதே, கெட்டுவிட்டதா என்று வாங்கியவர்கள் பலர் கேட்கிறார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள உப்பு, ஈரத்தோடு மேலே வந்து உலர்ந்து நிற்பதே அது; ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இந்த விளக்கத்தையும், முதல் முறை அரிசி களைந்த நீரில் ஊறவைத்து, பிறகு சிறு தீயில் பழக்க வேண்டும் என்பதையும், எண்ணெய் காய்ச்சிய சட்டியைக் குடிநீருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் வைத்து அனுப்புங்கள்.