எலும்பு முறிந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கரையோரத்தில் எலும்பு முறிவுக்குப் பஞ்சமே இல்லை. விசைப்படகில் வின்ச் கயிற்றுக்குள் கை மாட்டும். பனையில் ஏறும்போது கால் தவறும். இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் சரியும். குளியலறையில் வழுக்கி விழுந்து அப்பத்தாவுக்கு இடுப்பு எலும்பு போகும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டோ ஆபரேஷன் செய்தோ சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், நர்ஸ் வேலை பார்ப்பது மனைவியும் மகளும் மருமகளும்தான்.

அவர்கள் கண் எப்போதும் கட்டின் மேலேயே இருக்கும். நனைந்ததா, விரிசல் விட்டதா, எப்போது பிரிப்பார்கள் என்று. ஆனால் எலும்பு வார்டில் பார்த்த வரைக்கும், முறிந்த இடம் பெரும்பாலும் தன் பாட்டுக்குச் சேர்ந்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள சதை, தோல், ரத்த ஓட்டம், வயிறு ஆகியவற்றைக் கவனிக்காமல் விடுவதால்தான் ஆட்கள் திரும்பவும் வந்து படுக்கிறார்கள்.

"வலிக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுவது

எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான். அசையாமல் கட்டுப் போட்டு, மாத்திரையும் கொடுத்தபின் வலி நேரம் ஆக ஆகக் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால் ஏதோ சரியில்லை. முன்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் சதைகள் இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. அடிபட்டால் உள்ளே வீங்கும். உறை விரிந்து கொடுக்காது, மேலே இருக்கும் மாவுக்கட்டும் விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, சதைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். டாக்டர்கள் இதைக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பார்கள். ஆறு மணி நேரம் போல அப்படியே விட்டால் சதையும் நரம்பும் மீளவே முடியாதபடி கெட்டுப்போகலாம்.

அதனால்தான் கட்டுக்கு வெளியே விரல் நுனி தெரியும்படி விட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது அதைப் பாருங்கள், ராத்திரியிலும் எழுந்து பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். விரல் சில்லிடுகிறதா, மரத்துப்போகிறதா என்று அடிபடாத பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், விரலை நீங்களே மெதுவாக நீட்டி விடுங்கள். அதற்கே அவர் அலறினால் உடனே கிளம்ப வேண்டும். விரல் நீலம் பாரிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிறம் நன்றாக இருக்கும்போதே, நாடி துடிக்கும்போதே, உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கலாம்.

"விடியட்டும், முதல் பஸ்ஸில் போகலாம்" என்பது நம் பக்கத்துப் பேச்சு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகவே ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போல ஆகும், மதுரை அதைவிட மூன்று மடங்கு தூரம். ராத்திரி பத்து மணிக்கு வலி ஏறியவர் விடியும்வரை காத்திருந்தால் அந்த ஆறு மணி நேரம் வீட்டிலேயே தீர்ந்துவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே கட்டைப் பிளந்து தளர்த்திவிட்டு மேலே அனுப்ப முடியும். வண்டி வரும்வரை அடிபட்ட கையையோ காலையோ நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். சாதாரண வீக்கத்துக்குத் தலையணை வைத்து உயர்த்துவது சரி. இந்த நிலையில் உயர்த்தினால் போகிற கொஞ்ச ரத்தமும் குறையும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.

கையோ காலோ அடிபட்ட உடனே மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மெட்டி என்றால் பல பெண்கள் தயங்குவார்கள். "சிஸ்டர், அவர் இருக்கும்போது அதை எப்படிக் கழற்றுவது?" என்பார்கள். வீங்குவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும், அப்போது தயக்கமும் இருக்காது, மெட்டியும் இருக்காது.

நாட்டுக்கட்டு விஷயமும் இங்கேதான் வருகிறது. ஆஸ்பத்திரிக் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சிலருக்குக் குணமாகியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் முழங்கைக்குப் பக்கத்தில் முறிந்த குழந்தைக்கு மட்டும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அங்கே ரத்தக்குழாய் எலும்பை ஒட்டியே போகிறது. இறுக்கிக் கட்டினால் விரல்கள் ஆயுசுக்கும் மடங்கியே நின்றுவிடும் ஆபத்து உண்டு.

கட்டுக்குள் ஈக்குச்சி விடுவது

மாவுக்கட்டு தொட்டால் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்வரை காய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை விரல் நுனியால் பிடித்துத் தூக்கினால் குழி விழும், அந்தக் குழி உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கும். உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்குங்கள். போர்வை போட்டு மூடாமல் மின்விசிறிக் காற்றில் விடுங்கள்.

நம் ஊர் வெக்கையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் கட்டுக்குள் அரிப்பு உயிரை எடுக்கும். ஈக்குச்சி, பேனா, ஸ்கேல் என்று கையில் கிடைப்பதை உள்ளே விடுவார்கள். தோல் கீறிவிட்டால் அந்த ஈரத்தில் சீழ் பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பவுடர் கொட்டினாலும் அது வேர்வையில் கட்டிதட்டி உறுத்தும். ஒரு யோசனை சொல்கிறேன்: தினமும் ஒரு தடவை கட்டின் இரண்டு விளிம்பிலும் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். முற்றத்தில் கருவாடு காயும் வீட்டில் மற்ற நாற்றம் தனியாகத் தெரியாது. துர்வாடை, ஓரிடத்தில் மட்டும் சூடு, மேலே கறை, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

படுத்தவரைப் படுத்தபடியே விடுவது

பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர், தொடை எலும்பு முறிந்த வயசாளி ஆகியோரை "அசைச்சா வலிக்கும், பாவம்" என்று மல்லாந்தபடியே விட்டுவிடுவார்கள். பிட்டத்திலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு மறைந்து திரும்பி வர வேண்டும். மறையாமல் நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அங்கே தேய்த்துவிடக் கூடாது, அடியில் நைந்திருக்கும் திசு இன்னும் கிழியும். டயர் டியூப்பை வளையமாக வைப்பதும் தப்பு. நடுவில் இருக்கும் தோலுக்கு வர வேண்டிய ரத்தத்தை வளையம் சுற்றிலும் தடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதுதான் வழி. ஏர் பெட் வாங்கிப் போட்டவர்களுக்கும் இதே பேச்சுத்தான். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் படுக்கையில் படாமல் வையுங்கள்.

திருப்பும்போது ஒரு கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு மூன்று பேராவது வேண்டும். தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில், உடம்பு எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் திரும்ப வேண்டும். தலைப்பக்கம் நிற்பவர் எண்ணிச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து திருப்புங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே இதை வார்டில் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

தண்ணீரைக் குறைப்பது பெரும்பாலும் நோயாளியே செய்யும் தவறு. மருமகள் பெட்பேன் எடுக்க வேண்டுமே என்ற கூச்சத்தில் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த வெயிலில் அது நேராகச் சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லுக்கும் மலச்சிக்கலுக்கும் கொண்டுபோய் விடும். இருதய, சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, நன்றாகக் குடிக்கச் செய்யுங்கள்.

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் தைலம் போட்டு உருவிவிடாதீர்கள். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அங்கிருந்து கிளம்பினால் நுரையீரலுக்குப் போகும். திடீரென்று மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் அதே 108-தான். இது வராமல் இருக்க, டாக்டர் தடுக்காத வரை, பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

மீனை நிறுத்துவது

கடலோரத்தில் இருந்துகொண்டு, தையல் போட்டவருக்கு "கவிச்சி ஆகாது, சீழ் வைக்கும்" என்று மீனையும் முட்டையையும் நிறுத்தி ரசம் சாதம் போடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். புண் ஆறவும் எலும்பு சேரவும் புரதம் வேண்டும். முள்ளோடு தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது. ஒவ்வாமை இல்லாதவர் தாராளமாகச் சாப்பிடலாம். ஆட்டுக்கால் சூப் குடித்தால்தான் எலும்பு கூடும் என்று கடன் வாங்க வேண்டியதும் இல்லை. பீடியைத்தான் நிறுத்த வேண்டும், அது எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும்.

யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கும் கௌட் நோயாளிக்கு மட்டும் கதை வேறு. அவருக்கு நெத்திலி, சாளை, இறால், ஈரல் எல்லாம் குறைய வேண்டும்.

மாத்திரையும் ஒத்தடமும்

எலும்பு முறிந்தவருக்கு ஏற்கெனவே முடக்குவாதமும் இருந்தால் அந்த மாத்திரையிலும் கவனம் வேண்டும். அதற்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை. தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பெரிதாக எழுதி, மற்ற மாத்திரைகளோடு கலக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். ஸ்டீராய்டை வலி குறைந்ததென்று சட்டென்று நிறுத்தக் கூடாது. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றிலும் சிறுநீரகத்திலும் கேட்கும்.

சுளுக்கு, சதைப்பிடிப்பு என்றால் முதல் இரண்டு நாள் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ஐஸ் கம்பெனி ஐஸுக்கு நம் ஊரில் குறையில்லை. துண்டில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிடம் வைத்து எடுங்கள். சர்க்கரைநோயால் கால் மரத்துப்போனவருக்குச் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

எழுந்து நடக்கும்போது

கக்கத்தில் வைக்கும் கட்டைகளின் மேல் தொங்கிக்கொண்டு நடந்தால் கை நரம்பு பாதிக்கும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும், கட்டைக்கும் கக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். ஒற்றைக் கம்பு என்றால் வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். மணலில் இறங்கி நடக்கவே வேண்டாம். இடுப்பு மூட்டு மாற்றியவர் தரையில் உட்காருவது, சம்மணம் போடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது பற்றி டாக்டர் சொன்ன கெடு வரை பொறுக்க வேண்டும். அதுவரை தொழுகையானாலும் ஜெபமானாலும் நாற்காலியில்தான்.

கடலுக்குத் திரும்புவதில்தான் கடைசிச் சிக்கல். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது என்றால், அடுத்த நாள் படகேற வேண்டும் என்று எலும்புக்கும் அதே தேதியைக் குறித்துவிடுவார்கள். செக்கப்புக்குப் போனால் "வேலைக்குப் போகலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அவர் கடை வேலை என்று நினைத்துச் சரி என்றுவிடலாம். ஆடும் தளத்தில் நின்று வலை இழுக்கும் வேலை, ராத்திரி முழுக்கத் தூக்கம் இருக்காது, கரைக்குத் திரும்ப மறுநாள் ஆகும் என்று விவரமாகச் சொல்லி, எக்ஸ்ரேயைக் காட்டி, முழுப் பாரம் ஊன்றலாமா என்று கேளுங்கள்.